தபிதாவுக்குப் போட்ட இலை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். நடந்தது நடந்ததுதான். சிட்னியில், கெல்லிவில்லில் அந்த வீடு இன்னும் இருக்கிறது. அதில் ஹரிப்பிரியாவும் இருக்கிறாள். ஆனால் உச்சி வேளையில் அவள் அங்கே தனியாக இருப்பதில்லை. காரை எடுத்துக்கொண்டு ஏதாவது கடைத்தெருவில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? அவளைக் கேட்டால் வேறு மாதிரிச் சொல்வாள்.

எல்லாம் பொறாமையில் ஆரம்பித்தது. அதை ஒளிப்பானேன்?

ஹரிப்பிரியாவின் கணவன் விவேக். அவனுடைய அண்ணன் முகுந்தன், வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் கேத்ரின் என்ற வெள்ளைக்காரப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவன். அந்தச் செய்தி சென்னைக்குப் போனபோது மாமியார் வேதவல்லி, குடும்பமே முழுகிவிட்டது என்று அழுதாள். அதே வேதவல்லி சிட்னிக்கு வந்து கேத்ரினைப் பார்த்ததும் தலைகீழாக மாறிவிட்டாள். கேத்ரின் ரசம் வைத்தால் அமிர்தம். ஹரிப்பிரியா வைத்தால் உப்பு ஒரு கல் தூக்கல். கேத்ரின் பொட்டு வைத்துக்கொண்டால் சாட்சாத் மகாலட்சுமி. ஹரிப்பிரியா பிறந்ததிலிருந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறாள், யார் பார்த்தார்கள்?

இதில் கேத்ரினுக்கு வம்சம் தேடும் பைத்தியம் வேறு. அந்தக் காலத்தில் இங்கிலாந்திலிருந்து கப்பல் கப்பலாகக் கைதிகளைக் கொண்டுவந்து இந்த மண்ணில் தள்ளினார்கள் அல்லவா, அவர்களில் ஒருத்தி தன் ஏழு தலைமுறைக்கு முந்தைய பாட்டி என்று கண்டுபிடித்திருந்தாள். பெயர் தபிதா வெல்ஷ். சில்வியா என்ற கப்பலில் வந்தவள். என்ன குற்றத்துக்காக அனுப்பினார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. ஏதோ திருட்டு. அந்தத் தபிதாவிலிருந்து தன் வரைக்கும் வம்ச மரம் வரைந்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தன் வீட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தாள்.

"நம்மூர்ல திருட்டுப் பரம்பரைன்னா பொண்ணு குடுக்க மாட்டா. இங்க ஃபிரேம் போட்டு மாட்டறா" என்று ஹரிப்பிரியா விவேக்கிடம் முணுமுணுத்தாள்.

அது மாமியார் காதில் விழுந்துவிட்டது.

"ஏழு தலைமுறை சொல்றாளே அந்தப் பொண்ணு! உன் கொள்ளுப்பாட்டி பேர் தெரியுமோ நோக்கு?"

ஹரிப்பிரியாவுக்குத் தெரியாது. அதனால்தான் இன்னும் வயிறு எரிந்தது.

நாத்தனார் மிருணாளினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை செய்ய வேண்டும் என்றாள் வேதவல்லி. கணவன் இருக்கும்போதே பூவும் பொட்டுமாகப் போய்ச்சேர்ந்த குடும்பத்துப் பெண்களைப் பெயர் சொல்லி அழைத்து, இலை போட்டு, புதுப் புடவை வைத்துப் படைப்பது. படைத்த பின் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்தவர்கள் சாப்பிடுவார்கள். நடுவில் திறக்கக் கூடாது. அந்தப் புடவை பிறகு வீட்டில் ஒரு பெண்ணுக்குப் போகும். கட்டிக்கொள்பவளுக்கு அவர்களின் ஆசீர்வாதம் முழுசாகக் கிடைக்கும் என்பது நம்பிக்கை.

ஹரிப்பிரியாவின் அம்மா வசுமதியும் அப்படிப் போனவள்தான். போய் நாலு வருஷம் ஆகிறது. தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அம்மாவை அழைத்து ஒரு இலை போட அங்கே மருமகள் கிடையாது.

"அம்மா, எங்கம்மா பேரையும் சேத்துக்கலாமா?" என்று மாமியாரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அதெப்படி? அது உன் பொறந்தாத்து விஷயம். உன் தம்பிக்கு வரப்போறவ கூப்பிடுவா. இங்க நம்மாத்துப் பெண்டுகள் மட்டும்தான்."

சரி, வழக்கம் வழக்கம்தானே என்று ஹரிப்பிரியா வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வாரமே வேதவல்லி அழைக்க வேண்டிய பெயர்களைச் சொன்னாள். தன் மாமியார், அவருடைய மாமியார், ஒரு ஓர்ப்படி... கடைசியில் தபிதா.

"அவளும் புருஷன் இருக்கறச்சேதான் போயிருக்காளாம். கேத்ரின் பாத்துச் சொன்னா. பாவம், கடல் கடந்து வந்தவ. அவளுக்கு யார் படைச்சா?"

"அவளுக்கு கோத்திரம் என்னன்னு சொல்லுவேள்?"

"கோத்திரத்துக்குப் பதில் கப்பல் பேரைச் சொன்னா ஆச்சு."

தன்னைப் பெற்றவளுக்கு இடமில்லை. எவளோ ஒரு கப்பல் திருடிக்கு இலை, புடவை, வடை, பாயசம். மாமியார் உடைத்தால் மண்குடம் என்பது சும்மாவா? இது போதாதென்று கேத்ரின் வேறு, அவளுக்குத் தெரிந்த அரைகுறைத் தமிழில், "ஹரியோட அம்மாவும் கூப்பிடலாமே?" என்று மாமியாரிடம் சிபாரிசு செய்தாள். அவள் நல்லவள்தான். அந்த நல்லதனம்தான் ஹரிப்பிரியாவுக்குத் தாங்கவில்லை. என் அம்மாவுக்கு இவள் சிபாரிசா?

அன்று வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். ஹோம்புஷ் இந்தியக் கடையிலிருந்து வாழை இலை வந்திருந்தது. ஹரிப்பிரியாவின் வீட்டில் சினிமா பார்ப்பதற்கென்று கட்டிய அறைதான் அன்றைக்குப் பூஜை அறை, அதற்குத்தான் கெட்டியான கதவு இருந்தது. உள்ளே மணையில் மடித்து வைத்த ஒன்பது கஜப் புடவை, அரக்குச் சிவப்பு. வேதவல்லி விளக்கின் முன்னால் நின்று எல்லாப் பெயரையும் ஒருமுறை சொன்னாள். "சில்வியா கப்பல்ல வந்த தபிதா" என்று கணீரென்று சொன்னாள்.

பிறகு வாசலில் நின்று அழைக்க வேண்டியது மருமகள் முறை. ஹரிப்பிரியா கதவைத் திறந்து நின்றாள். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "வாங்கோ... சாப்பிட வாங்கோ" என்றாள். கடைசிப் பெயருக்கு வந்தாள். பின்னால் யாரும் இல்லை. மாமியார் உள்ளே நெய் உருக்கிக்கொண்டிருந்தாள்.

தபிதா என்று அவள் சொல்லவில்லை.

"வசுமதி" என்றாள். மெல்ல. "அம்மா... வாம்மா. உனக்கு இலை போட்டிருக்கேன்."

வாசல் கேமரா டிங் என்றது. ஆள் வந்தால் அடிக்கும் மணி. தெருவில் ஆள் இல்லை. ஆனால் குட்டிக்கூரா பவுடர் வாசனை... அம்மாவின் வாசனை. ஹரிப்பிரியாவுக்குக் கண் நிறைந்தது. இலை அவளுக்குத்தான், புடவை அவளுக்குத்தான், எவளுக்கும் இல்லை என்று மனசுக்குள் கெக்கலி கொட்டிக்கொண்டே உள்ளே திரும்பினாள்.

டிங்.

மறுபடியும்.

இரண்டாவது தடவை அவள் யாரையும் அழைக்கவில்லையே...

படைத்து முடித்துக் கதவைச் சாத்தியபோது மணி பன்னிரண்டே கால். எல்லோரும் கூடத்தில் பேசாமல் உட்கார்ந்தார்கள். ஹரிப்பிரியா கதவுக்கு மிக அருகில் இருந்தாள்.

முதலில் வளையல் சத்தம். மெல்லிய கண்ணாடி வளையல். பிறகு புதுப் புடவையைப் பிரித்து உதறும் சத்தம். அம்மா கட்டிக்கொள்கிறாள்! ஹரிப்பிரியா சிரித்துவிட்டாள். எதிரே உட்கார்ந்திருந்த கேத்ரினைக் கர்வமாகப் பார்த்தாள்.

அப்புறம் இலை இழுபடும் சத்தம்.

இந்தப் பக்கம் ஒரு இழுப்பு. அந்தப் பக்கம் ஒரு இழுப்பு.

சர்ர்ர்... என்று துணியை வேகமாக உருவும் சத்தம்.

வளையல் உடைந்தது.

"அம்முலு..."

அம்மா மட்டுமே கூப்பிடும் பெயர். இந்த நாட்டில் அந்தப் பெயர் ஒருவருக்கும் தெரியாது.

"அம்முலு... கதவைத் திறடி..."

அழுகுரல்.

ஹரிப்பிரியா எழுந்தாள். வேதவல்லி கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். கண்ணாலேயே அதட்டினாள். திறக்கக் கூடாது. ஏன் திறக்க வேண்டும் என்று கேட்டால் என்ன சொல்வது? உங்கள் கேத்ரினின் பாட்டியை நான் அழைக்கவில்லை, என் அம்மாவை அழைத்தேன் என்றா? கேத்ரின் எதிரிலா?

அவள் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டாள்.

கேத்ரின் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"உள்ளே யாரு சிரிக்கறது?" என்றாள்.

மாமியாருக்கு எதுவுமே கேட்கவில்லை.

கதவைத் திறந்தார்கள். உள்ளே யாருமில்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தபிதாவுக்கென்று போட்ட நடு இலை நரம்போடு இரண்டாகக் கிழிந்து கிடந்தது. மணையில் மடித்து வைத்த புடவை தரையில்... முறுக்கிப் பிழிந்தது போல. ஹரிப்பிரியா குனிந்து எடுத்தாள்.

சூடாக இருந்தது. உடம்புச் சூடு.

பவுடர் வாசனை அடித்தது.

"பாத்தியா, கட்டிப் பாத்திருக்கா! திருப்தியாப் போயிருக்கா!" என்று வேதவல்லி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அந்தப் புடவையை ஹரிப்பிரியாவின் கையிலிருந்து வாங்கி, "கேத்ரின், உன் பாட்டி குடுத்தது. கட்டிக்கோ" என்று நீட்டினாள்.

அந்த நிமிஷம் ஹரிப்பிரியாவுக்குப் பயம்கூடப் போய்விட்டது. வெறும் எரிச்சல். என் அம்மா உடம்பில் பட்ட புடவை. அதுவும் இவளுக்கா?

கட்டிவிட வேண்டியது யார்? வேறு யார், ஹரிப்பிரியாதான். மாடி அறையில் கேத்ரினை நிற்க வைத்துப் புடவையைச் சுற்றினாள். கேத்ரின் ஒல்லி. ஒன்பது கஜம். குறைந்தது மூன்று சுற்று வர வேண்டும்.

ஒரு சுற்று வந்தது.

புடவை தீர்ந்துவிட்டது.

அவிழ்த்து மறுபடி சுற்றினாள். ஒரே சுற்று... இடுப்பில் துணி வழக்கத்துக்கு மேல் தடித்திருந்தது. கேத்ரினுக்கும் புடவைக்கும் நடுவில் இன்னொரு உடம்பு நிற்பது போல.

"ஹரி, டைட்டா இருக்கு. மூச்சு முட்டுது. எடு... எடு!"

ஹரிப்பிரியா உருவி எறிந்தாள்.

"கடைக்காரன் அளவுல ஏமாத்திட்டான்" என்றாள் மாமியார். ஹரிப்பிரியா தரையில் விரித்துத் தன் கையாலேயே அளந்தாள். ஒன்பது கஜம். ஒரு விரல்கடை குறையவில்லை.

சாயங்காலம் வந்தவர்களை வழியனுப்பும் நேரம். வேதவல்லி வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி, "போய்ட்டு வாங்கோ" என்றாள். வசுமதி என்று யாரும் சொல்லவில்லை. ஹரிப்பிரியா வாயைத் திறந்தாள். பக்கத்தில் கேத்ரின் நின்றாள். திறந்த வாய் மூடிக்கொண்டது.

கதவைப் பூட்டும்போது போன் அடித்தது. சென்னையிலிருந்து பத்மா சித்தி, அம்மாவின் தங்கை. இங்கே நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

"அம்முலு, கார்த்தால உங்கம்மா கனவுல வந்தாடி. எங்கேயோ பூட்டின கதவு கிட்ட நிக்கறா. உடம்புல ஒரு பொட்டுத் துணியில்லே. 'கூப்பிட்டா, போனேன். கட்டிண்டேன். ஒருத்தி உருவிண்டுட்டா'ன்னு அழறா..."

"எத்தனை மணிக்கு சித்தி?"

"ஆறே முக்கால் இருக்கும். முழிச்சதும் கடிகாரம் பாத்தேன்."

அங்கே ஆறே முக்கால்.

இங்கே பன்னிரண்டே கால்.

ஒரு மாதம் கழித்து கேத்ரினிடமிருந்து நீளமான மெசேஜ் வந்தது. மரபணுச் சோதனை முடிவு கையில் கிடைத்ததாம். மரம் தப்பாம். தபிதா வெல்ஷ் என்ற பெயரில் கைதிகள் இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். கேத்ரினின் பாட்டி வேறு கப்பலில் வந்தவள், பசிக்கு ரொட்டி திருடிய சின்னப் பெண். சில்வியாவில் வந்தவள் கேத்ரினுக்கு எந்த உறவும் இல்லை. அவளுக்குக் கல்யாணமும் ஆகவில்லை, குழந்தையும் இல்லை. 'அத்தையிடம் சொல்லிவிடு, நாம் தப்பான ஆளுக்குச் சாப்பாடு போட்டுவிட்டோம்' என்று ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள்.

அதற்குக் கீழே, அந்தத் தபிதாவின் குற்றம் இப்போது தெரிந்துவிட்டது என்று எழுதியிருந்தாள்.

லண்டனில் பிணத்தைக் குளிப்பாட்டி விடுவதுதான் அவள் வேலையாம். செத்த பெண்களின் உடம்பிலிருந்து துணியை உருவிக்கொள்வாளாம். பிடிபட்ட அன்றுகூட, அப்போதுதான் போய்ச்சேர்ந்த ஒருத்தியின் உடுப்பு அவள் மேல்தான் இருந்ததாம்.

ஹரிப்பிரியா போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தத் தபிதாவை விளக்கு வைத்துக் கூப்பிட்டது மாமியார். ஆனால் அவள் கைக்கு எட்டும் தூரத்தில், அதே இலைக்கு, அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உட்கார வைத்தது யார்?

பத்மா சித்திக்கு அந்தக் கனவு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வருகிறது. 'உன்னை யார் கூப்பிட்டா?' என்று போன வாரம் சித்தி கனவிலேயே கேட்டுவிட்டாளாம். அம்மா பெயரைச் சொல்லவில்லையாம்.

"குழந்தையைத் திட்டாதே" என்றாளாம்.