விஞ்ஞானி மச்சானும் பிவிசி ஷீட்டும்

திண்டிவனத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். பூஜை அறைக் கதவில் மணி தொங்கவிடும் துளைகளை, மரம் குடையும் ரூட்டர் மெஷினில் எடுக்க ஒரு டெம்ப்ளேட் (அளவுப் பலகை) தேவைப்பட்டது. அதை வெட்டித்தர என் மச்சான் சின்ன லேசர் மெஷினோடு வந்தார். வீடியோ பார்த்தே விஞ்ஞானி ஆனவர். நான் கொடுத்த பிளைவுட்டை ஒதுக்கிவிட்டு, மூலையில் கிடந்த பிவிசி பிளாஸ்டிக் ஷீட்டை மெஷினில் வைத்தார்.

“இது புகைஞ்சா ஆபத்தாச்சே மச்சான்?”

“உளி புடிக்கிற ஆளு, உனக்கு இன்னா தெரியும்? கம்முனு பாத்துக்கினு இரு!”

இரண்டே நிமிடத்தில் காரமான புகை தொண்டையை அடைத்தது. முதலில் வெளியே ஓடியவர் விஞ்ஞானிதான். இருமிக்கொண்டே மெஷினை நிறுத்தியவன் நான். மறுநாள் பார்த்தால் பக்கத்திலிருந்த உளிகளெல்லாம் துருப்பிடித்திருந்தன. இரும்பையே அரித்த புகை எங்கள் நுரையீரலை விட்டுவைத்தது அதிர்ஷ்டம்தான்.

இப்போது மச்சானின் அந்த லேசரில் பிளைவுட் மட்டும்தான் வெட்டுகிறேன், ஜன்னலைத் திறந்துவைத்து, பக்கத்திலேயே நின்று. துருப்பிடித்த உளி ஒன்றைத் தீட்டாமல் சுவரில் மாட்டியிருக்கிறேன். மச்சான் மறுபடி விஞ்ஞானம் பேச வாயைத் திறந்தால், அதைக் காட்டுகிறேன்.