ஆரோக்கியமான இருமல்

பதினோரு ஆண்டுகள், ஏழு நோய்கள். மருத்துவ ஆய்வுக்கூடத்தின் களப்பணியாளரான இருமல் அக்காவின் உழைப்பை இந்த இரண்டு எண்களில் அடக்கிவிடலாம்.

குடல்புழு ஆய்வு நடந்தபோது வீடு வீடாக மூடி போட்ட டப்பாக்களைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலையில் நிரம்பியதை வாங்கிவந்தாள். தெருப்பிள்ளைகள் 'டப்பா அக்கா' என்றார்கள். டெங்கு ஆய்வில் தண்ணீர்த் தொட்டிகளுக்குள் டார்ச் அடித்துப் பார்த்ததில் 'கொசு அக்கா' ஆனாள். உப்புக்கும் ரத்த அழுத்தத்துக்கும் என்ன உறவு என்று பார்த்த ஆய்வில், ஒரு முழு நாளின் சிறுநீரைக் கேனில் பிடித்துவைக்கச் சொன்னாள். அப்போது வைத்த பெயரை அச்சில் போட முடியாது. ரத்தசோகைக்கு விரல் குத்தினாள். கண்புரைக்குச் சுவரில் எழுத்து அட்டை மாட்டினாள். சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்காலை நைலான் இழையால் தொட்டு, "தெரியுதா, இப்ப தெரியுதா" என்று கேட்டாள். ஆய்வு முடிந்ததும் பெயர் மாறும். தெருக்கள் மட்டும் அதேதான். மருத்துவம் படித்தவள் இல்லை, பள்ளிப் படிப்போடு சரி. ஆனால் சாத்தின கதவைத் திறக்கவைக்கத் தெரியும்.

ஏழாவதாக வந்தது காசநோய். இந்த முறை ஊசியும் இல்லை, டப்பாவும் இல்லை. ஒரு கைப்பேசி மட்டும். அதை முகத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளிப் பிடித்து, எதிரே இருப்பவரை இருமச் சொல்ல வேண்டும். காசநோய் உறுதியானவர்களின் இருமலும், நோயில்லாதவர்களின் இருமலும் நூற்றுக்கணக்கில் சேர்ந்தால், கணினி இரண்டையும் கேட்டுக் கேட்டு வித்தியாசம் கற்றுக்கொள்ளும். பிறகு எக்ஸ்ரே எந்திரம் எட்டாத இடத்தில்கூட, யாரை முதலில் பரிசோதிக்க வேண்டும் என்று ஒரு கைப்பேசியே சொல்லிவிடும். அதுதான் கனவு.

நோயாளிகளின் இருமல் சுலபமாகக் கிடைத்தது. ஆரோக்கியமானவர்கள்தான் உயிரை வாங்கினார்கள்.

"வராத இருமலை எங்கேர்ந்து இருமறது அக்கா?"

"சும்மா, ஒரு கல்யாணத்துல பேச எழுந்திருக்கிற மாதிரி தொண்டையைச் செருமுங்க."

"கல்யாணத்துல யாரு என்னைப் பேச விட்டா?"

சிரித்துச் சிரித்து இருமினால் பதிவு செல்லாது. திரும்ப எடுக்க வேண்டும். சிலர் இருமினாலே நோய் வந்துவிடும் என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இஸ்திரிக் கடைக்காரி வேறு மாதிரி. அவளுடைய பெரிய மகளுக்கு ஒரு மாதமாக இருமல். உள்ளறையில் படுக்கவைத்துக்கொண்டு, மகள் ஊரில் இல்லை என்றாள். உள்ளிருந்து இருமல் கேட்டது. இருமல் அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. துணி வாங்க நின்றவர்கள் காதில் விழும்படியே கேட்டாள்: "ரெண்டு வாரத்துக்கு மேல இருமினா பரிசோதனைக்கு வரணும்னு தொண்டை கிழியச் சொல்றேன். பெத்தவளே மறைச்சா நோய் வெக்கப்பட்டுக்கிட்டுப் போயிடுமா?" இஸ்திரிக் கடைக்காரி சூடான பெட்டியைத் துணிமேல் வைத்தபடியே நின்றதில் ஒரு சட்டை தீய்ந்தது. மறுநாள் மகளை அழைத்துவந்தாள். காசநோய்தான். மாத்திரை தொடங்கினார்கள். அந்தக் கதையை அக்கா மற்ற வீடுகளில் உதாரணமாகச் சொன்னாள், பெயரை மட்டும் விட்டுவிட்டு. தெருவில் எல்லாருக்கும் பெயர் தெரியும்.

அதற்கு அடுத்த மாதக் கடைசியில், அந்த மாதம் சேர்க்க வேண்டிய கணக்குக்கு ஆரோக்கியமானவர் ஒருவர் குறைந்தார். சனிக்கிழமை சாயங்காலம். நாலு வீட்டில் கதவு சாத்தினார்கள். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தால், கூடத்தில் அவள் கணவர் உட்கார்ந்து அருமையாக இருமிக்கொண்டிருந்தார். மாவு மில்லில் வேலை. புருவத்தில் எப்போதும் வெள்ளை. இருபது வருடமாக மாவுத் தூசிக்கு இருமுகிறவர், தெருவுக்கே அவர் மில்காரர். சின்ன மகள் அவர் முதுகில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, இந்தப் பக்கம் திரும்பி இருமுங்க."

"இதுக்காவது நான் உதவறேனே" என்று மில்காரர் வாகாக உட்கார்ந்தார்.

கைப்பேசி கேள்விகள் கேட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா? இல்லை என்று அழுத்தினாள். மாவு இருமல் இருமலில் சேர்த்தியா? எடை குறைந்ததா? அந்த வாரம்தான் அவர் பெல்ட்டில் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டிருந்தார். "இளைச்சாத்தான் மாப்பிள்ளை மாதிரி இருக்கீங்க" என்று அவளே கிண்டல் செய்திருந்தாள். இல்லை. இரவில் வியர்க்கிறதா? தலையணை உறையை அவள்தான் துவைக்கிறாள். விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அதற்கும் இல்லை. ஆரோக்கியமானவர்களுக்குச் சளிப் பரிசோதனை கிடையாது, கேள்விகளோடு சரி. பதிவு போய்ச் சேர்ந்தது. கணக்கு முடிந்தது.

இரண்டு மாதம் கழித்து ஆய்வுக்கூடத்தில் கூட்டம், இருமல் அக்காவும் போயிருந்தாள். ஆய்வை நடத்தும் டாக்டரம்மா மேசையின் தலைப்பக்கத்தில். கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறியாளர் தம்பி சுவர்த்திரைக்குப் பக்கத்தில் நின்றான். ஒரு வாரம் சரியாகத் தூங்காத முகம்.

"எல்லாம் நல்லா வந்துடுச்சு டாக்டர். ஒரே ஒரு ஆளுதான் தொந்தரவு. எப்படி மாத்திப் பார்த்தாலும் மெஷின் இவரைக் காசநோயாளின்னுதான் சொல்லுது."

"பதிவுல என்ன இருக்கு?"

"ஆரோக்கியமானவர்."

"அப்ப மெஷின்தான் தப்பு."

"ஆமா டாக்டர்" என்றான் தம்பி, தன் பிள்ளை பரீட்சையில் தோற்றதை ஒப்புக்கொள்கிறவன் போல. "இது மாதிரி சத்தம் வந்தா ஆரோக்கியம்தான்னு கூடுதலா சொல்லிக்கொடுக்கறேன். சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடலாம்."

"போடுங்க, கேப்போம்."

ஒலிபெருக்கியில் இருமல் எழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் மூச்சு எங்கோ மாட்டி, அப்புறம் ஒரு சின்ன 'ம்ஹும்', எதிராளி சொன்னதை ஏற்காதவர் மாதிரி.

எண் மட்டும்தான் திரையில் இருந்தது, பெயர் கிடையாது. ஆனால் இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்தில் படுத்துக் கேட்ட சத்தத்துக்குப் பெயர் எதற்கு?

"இது ஆரோக்கியமான இருமல்னா, நான் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுக்கலாம்" என்றார் மேற்பார்வையாளர், தொப்பையைத் தட்டி. எல்லாரும் சிரித்தார்கள். இருமல் அக்காவும் சிரித்தாள்.

அந்தச் சிரிப்புதான் அன்றைக்கு முழுவதும் அவளைத் தின்றது. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல்கூட இருந்திருக்கலாம். சிரித்தாளே. அப்படியே கூட்டம் முடிந்து தேநீர் வந்தது, குடித்தாள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு வழக்கம்போலத் தெருவுக்கும் கிளம்பினாள்.

முதலில் இஸ்திரிக் கடை. மகள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாளா என்று வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். மகள் வாசலிலேயே உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சதை வைத்திருந்தது.

"பசி தாங்கலைங்கறா அக்கா. அடுப்பையே தின்னுடுவா போல" என்றாள் கடைக்காரி. பிறகு பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "உங்க வீட்டுக்காரருக்கு அந்த இருமல் இன்னும் விடலையா? மில்லுக்குப் போறப்ப தினம் இந்த வழியாத்தான் இருமிக்கிட்டுப் போறாரு."

"அது மாவு."

"அப்படியா. நீங்க இருக்கீங்களே, உங்களுக்குத் தெரியாததா. அதான் நான் ஒண்ணும் கேக்கலை."

குத்திக்காட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருக்கலாம். கடைக்காரியின் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. நிஜமாகவே நம்பியிருந்தாள். தீய்ந்த சட்டை இப்போது மேசைக்கு விரிப்பாகக் கிடந்தது. ஊருக்கெல்லாம் உபதேசம் சொன்ன நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அக்காவுக்கு. பையில் கைவிட்டுப் பார்த்தாள். சளி எடுக்கும் குப்பி ஒன்று மிச்சம் இருந்தது.

அடுத்த வீட்டுக்குப் போகவில்லை. மில்லுக்குப் போனாள்.

மில்லில் எந்திரம் ஓடும்போது யாரும் பேச முடியாது, கையால்தான் பேசுவார்கள். மில்காரர் அவளைப் பார்த்ததும் என்ன என்று புருவத்தால் கேட்டார். வெளியே வரச் சொன்னாள். பின்பக்கம், காலிச் சாக்குகள் காயும் இடத்தில், குப்பியை நீட்டினாள்.

அவர் அதைப் பார்த்தார். தொடவில்லை. அந்தக் குப்பி எதற்கென்று அவருக்கு அவள் பேசியே தெரியும்.

"எனக்கென்ன. இது மாவு."

"மாவு ராத்திரியில வேர்க்காது."

மில்காரர் உள்ளே திரும்பிப் பார்த்தார். எந்திரத்தின் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. ஆனாலும் குரலைத் தாழ்த்தினார். "இங்க தெரிஞ்சா, இந்தக் கையால அரைச்ச மாவை எவன் வாங்குவான்?"

"தெரியாம இருந்தா சின்னவ உங்க முதுகுல சாஞ்சுதான் எழுதுவா."

அவர் சாக்கு அடுக்கில் உட்கார்ந்தார். மடியில் படிந்த மாவைத் தட்டினார். பிறகு, கோபமே இல்லாமல், "என்னை நல்ல ஆளுன்னு மெஷின்ல பதிஞ்சது நீதானே" என்றார்.

"நான்தான்."

"உனக்கு அப்பவே சந்தேகம்."

"இருந்துச்சு."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஒரு இருமல் குறைந்ததற்காக என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும். அதைவிடக் கேவலமான பதில் அவளிடம் வேறொன்று இருந்தது: என் வீட்டுக்கு வராது என்று நினைத்தேன்.

குப்பியை வாங்கிக்கொண்டார். தெருக்களில் எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். "ஆழமா மூச்சு இழுங்க. கொஞ்சம் புடிச்சுவைங்க..." அங்கேயே குரல் நின்றுவிட்டது.

"சொல்லு, சொல்லு. எல்லாருக்கும் கடகடன்னு சொல்வியே" என்றார் மில்காரர். இருமினார். நான்காவதில் மூச்சு மாட்டியது.

குப்பியை மருத்துவமனை ஆய்வகத்தில் கொடுத்துவிட்டு அவள் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பும்போது வெயில் சாய்ந்திருந்தது. முடிவு மறுநாள்தான் வரும். அதுவரை காத்திருந்து, ஒன்றும் இல்லை என்று வந்தால் அப்படியே விட்டுவிடலாமே என்று படிக்கட்டில் ஒரு யோசனை வந்தது. மாடி அறைக்குள் தம்பி கணினிமுன் குனிந்திருந்தது கண்ணாடி வழியே தெரிந்தது. அவன் முடித்துவிட்டால், அந்த மாதிரி இருமலைக் கேட்கும் எல்லாக் கைப்பேசிகளும், எந்த ஊரில் எவர் இருமினாலும், ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லும். அவள் சொல்லிக்கொடுத்த பாடம்.

"தம்பி, நிறுத்துங்க."

"என்னக்கா?"

"அந்த மெஷின் தோத்துப் போகலை. அது என் வீட்டுக்காரர் இருமல். கேள்விக்கெல்லாம் நான்தான் பொய் அழுத்தினேன்."

தம்பியின் முகம் மலர்ந்தது. "அப்ப அது சரியாத்தான் சொல்லியிருக்கா?" என்றான். கேட்ட பிறகுதான் எதிரே நிற்பவளைப் பார்த்தான். சட்டென்று எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினான். "மன்னிச்சுக்கோங்கக்கா." அவன் மன்னிப்புக் கேட்டதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நாற்காலியில் உட்காரவில்லை.

டாக்டரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "வீட்டுல வேற யார் இருக்கா?" என்றார்.

"சின்ன பொண்ணு மட்டும்தான். ஒன்பது வயசு."

"இருமறாளா?"

"இல்ல டாக்டர்." சொன்னதும் தன் வாயிலிருந்து வந்த 'இல்லை' தனக்கே கூசியது. "எனக்குத் தெரிஞ்சு இல்ல" என்று திருத்தினாள்.

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்க கொண்டுவந்த மத்த ஆரோக்கியமானவங்க? அவங்க பதில் எல்லாம் அவங்க சொன்னதுதானா?"

மற்ற எல்லாரிடமும் ஒழுங்காகத்தான் கேட்டிருந்தாள். ஒவ்வொரு வாசலும் நினைவில் இருந்தது. ஆனால் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தபோது, அந்த வார்த்தைக்கு இனி மதிப்பு இல்லை என்று தெரிந்தது. அவளுக்கே தெரிந்ததால், டாக்டரம்மா அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேற யாரையாவது அனுப்பிக் கேட்டுக்கோங்க டாக்டர்" என்றாள்.

மறுநாள் மதியம் முடிவு வந்தது. காசநோய். வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் வகை. மில்காரருக்கு ஆறு மாதம் மாத்திரை. முதல் சில வாரம் மில்லுக்குப் போகக்கூடாது. சாயங்காலம் அவர் வாசலில் நாற்காலி போட்டு, முகமூடியோடு உட்கார்ந்திருந்தார். சின்ன மகள் கூடத்தின் மறுகோடியில் சுவரில் சாய்ந்து எழுதினாள். இஸ்திரிக் கடைக்காரி அந்த வழியாகத் துணிமூட்டையோடு போனாள். பார்த்தாள். நின்றாள்.

"என் பொண்ணுக்கு முதல் வாரம் மாத்திரை குமட்டிச்சு அண்ணே" என்றாள். "ரெண்டாவது வாரம் சரியாயிடுச்சு." அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை வேறொரு களப்பணியாளர் வருகிறார். ஆரோக்கியமானவர்கள் என்று இருமல் அக்கா பதிந்த எல்லாரையும் திரும்பப் பார்த்து, இந்த முறை எல்லாருக்கும் சளியும் எக்ஸ்ரேயும் எடுக்கப்போகிறார். முதல் வீடு அவளுடையது.