வாசலில் கிடந்த செருப்பு

அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாசலில் மேடத்தின் செருப்பு கிடக்கிறது. சக்கர நாற்காலி வேண்டாமென்று நடந்தே வந்து, இங்கே கழற்றிவிட்டு உள்ளே போனார். இதயத்தில் வால்வு மாற்றுகிறார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மேடம் இயற்பியலாளர், கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்தில் எனக்குத் தலைவர். ஃபெரைட் என்னும் கருப்புக் காந்த வில்லைகளைச் சூளையில் சுட்டெடுப்பதிலேயே ஆயுசைக் கழித்தவர். ராடார் கருவிக்குள் அந்த வில்லை நுண்ணலையைப் போக விடும், திரும்பி வர விடாது. நோயைச் சொன்னபோதும் சிரித்தார். “அனுப்பிச்ச ரத்தம் திரும்பி வருதாமுங்க தம்பி. ஊருக்கெல்லாம் தடுத்துப்போட்டு, என்ற ஊட்டுலயே கோட்டை விட்டுப்போட்டேன்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி நான் பயந்தது முன்பு ஒரே ஒருமுறைதான். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சோதனை அறைக்குள், நுண்ணலை வெளிவரும் குழாயைத் திறந்து, முகத்தைக் கிட்டே வைத்து வில்லையைப் பொருத்திக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரம். வெளியே சுவிட்சுகளுக்கு முன்னால் இருந்த மேடம், “ஏனுங்க தம்பி, ஆச்சுங்களா?” என்றார். “வாரேனுங்க” என்றேன். முடித்துவிட்டு வெளியே வருகிறேன் என்றுதான் சொன்னேன். ஆனால் நம் பக்கத்தில் கிளம்புகிறவரும் வாரேன் என்றுதானே சொல்வார்? போறேன் என்று யார் வாயிலும் வராது, அபசகுனம். நான் சாப்பிடக் கிளம்பிவிட்டதாக நினைத்து, கருவிக்குப் பின்னால் குனிந்திருந்த என்னைப் பார்க்காமலே, கனத்த உலோகக் கதவை இழுத்துச் சாத்திவிட்டார்.

விசிறி இரையத் தொடங்கியது. கருவி சூடேறியதும் அலை பாயும். கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது, பார்வையைப் பறித்துவிடும். கத்தினேன், குரல் கதவைத் தாண்டவில்லை. சட்டென்று இரைச்சல் நின்றது. கதவைத் திறந்த மேடத்தின் கையில் என் செருப்பு. வாசலில் அது கிடந்ததைப் பார்த்திருக்கிறார்.

“கண்ணு, இனிமேல் இங்கே வாரேன்கிற பேச்சே வேண்டாமுங்க. உள்ளே இருந்தா இருக்கேன், போனா போறேன்” என்றார். அதுவே எங்கள் சட்டமானது. புதிதாகச் சேர்ந்தவர்கள் முகம் சுளிப்பார்கள். மேடம் ஒருநாளும் தவறியதில்லை.

இன்று காலையும் தவறவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கதோஷத்தில், “போறேனுங்க தம்பி” என்றார். “மேடம், சட்டம் கிடக்கட்டுமுங்க, வாரேன்னு சொல்லுங்க!” என்று கத்தினேன். அதற்குள் கதவு சாத்திக்கொண்டது. அவர் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

சற்றுமுன் நர்ஸ் ஒருவர் வந்து, வழியில் கிடக்கிறதே என்று செருப்பை எடுக்கக் குனிந்தார்.

“எடுக்காதீங்க அம்மணி” என்றேன். “உள்ளே ஆள் இருக்குதுங்க.”