மூன்றாவது பிள்ளையின் கொடி ரத்தம்

யார் வீட்டுப் பிரசவத்துக்கோ தெர்மோகோல் பெட்டியோடு காத்துக்கிடந்து, பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்காமல், தொப்புள்கொடி ரத்தத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடியிருக்கிறீர்களா? ஆராய்ச்சியில் என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்தப் பாடு தெரியும். ரத்தம் கடலூர் ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டில், லேப் சிதம்பரத்தில். அந்த ரத்தத்திலுள்ள ஸ்டெம் செல்லை வளர்த்து, நோய் எதிர்ப்பு செல்லாக்கி, ரத்தப் புற்றுநோய் செல்லோடு மோதவிட்டு யார் ஜெயிக்கிறார் என்று பார்ப்பது என் வேலை. மூன்று பிள்ளைகளின் ரத்தத்தில் ஒரே முடிவு வரவேண்டும். இரண்டு வந்தாகிவிட்டது. இந்த வருஷத்துக்குள் மூன்றாவதும் வராவிட்டால் பட்டம் கிடையாது.

பஸ்ஸில்

மூன்றாவது ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, பெட்டியில் என்ன மீன் என்று விடாமல் கேட்டார். ரத்தம் என்றேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவர் மட்டும் அசரவில்லை.

"மீனுன்னா கொழம்புக்காவது ஆவும். இத்த வச்சி என்னா பண்ணுவ?"

காதுகுத்தில்

சேத்தியாத்தோப்பில் ஒரு காதுகுத்து. என் வீட்டுக்காரரின் மாமா பந்தியிலேயே விசாரணையைத் தொடங்கினார்.

"கேன்சருக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டியா?"

"இன்னும் இல்ல மாமா. செல்லு இப்பத்தான் வளருது."

"ஆறு வருஷமாவா?"

பந்தி முடிந்ததும் வெளியே வந்து பீடி பற்றவைத்தார். புகையை என் மகள் முகத்தில் விட்டபடி, புற்றுநோயை விரட்டும் முள்சீத்தாப் பழத்தின் மகிமையை விளக்கினார். கடைசியில் என்மேல் இரக்கப்பட்டார்.

"எங்க வாட்ஸ்அப்புல போன வாரமே கண்டுபிடிச்சிட்டாங்களே, ஒனக்கு வரலியாம்மா?"

ஆயுத பூஜை

மாமாவை விடுங்கள், படிக்காதவர். எங்கள் லேப் சீனியர் அண்ணன் படித்தவர், அதுதான் ஆபத்து.

செல்லெல்லாம் இன்குபேட்டர் என்ற பெட்டிக்குள், நம் உடம்புச் சூட்டிலேயே இருக்கவேண்டும். பூஜையன்று காலையில் செல்லுக்குத் தீனி மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்தேன். விஜயதசமியும் கழிந்து லேப்புக்குப் போனால், பெட்டியில் சந்தனம், குங்குமம், கதவுக்குள்ளே விபூதிப் பட்டை. பெட்டியின் விளக்கு மட்டும் எரியவில்லை. செல் அத்தனையும் செத்துக் கிடந்தன.

"மெஷினுக்கும் ரெண்டு நாளு ரெஸ்ட் வேணும்லம்மா. அதான் ஆஃப் பண்ணேன்."

"அப்ப ஃப்ரிட்ஜ ஏண்ணே ஆஃப் பண்ணல?"

"அதுல சாமி மாலை இருந்துச்சு, வாடிடும்ல?"

வழிகாட்டி

அழுதுகொண்டு கைடிடம் போனேன். அவர் பதறவேயில்லை. முதலிரண்டு முடிவையும் கூட்டி, இரண்டால் வகுத்து, மூன்றாவதாகப் போடச் சொன்னார். ஒன்றாவது படிக்கும் என் மகள் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினால் வெளியே நிற்கவேண்டும். சார் எழுதச் சொன்னால் அதற்கு வழிகாட்டுதல் என்று பெயர். மாட்டேன் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கிராமத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சவங்கள்ட்ட இதாம்மா பிரச்சினை, எதையும் நேராவே செய்யணும்பீங்க."

மறுபடி கடலூர்

மறுபடி அதே பிரசவ வார்டு. வலி ஆரம்பிக்கும் முன்பே ஒரு பெண்ணிடம் விவரம் சொல்லிச் சம்மதப் படிவத்தை நீட்டினேன். "இதுக்கு முன்னாடி குடுத்தவுங்களுது என்னாச்சுக்கா?" என்றாள். மறைக்காமல் சொன்னேன். பக்கத்திலிருந்த அவள் மாமியார் தலையிலடித்துக்கொண்டார்.

"பொட்டு வக்கிறவன் வச்சிட்டுப் போவ வேண்டியதுதான? சுச்ச எதுக்கு அமுத்துனான்?"

ஆறு வருஷத்தில் நான் சந்தேகமில்லாமல் நிரூபித்தது, புற்றுநோய் செல்லைவிடப் படித்த மூடனுக்கு ஆயுசு ஜாஸ்தி என்பது ஒன்றைத்தான். அந்தப் பெண் கையெழுத்துப் போட்டாள். ஆனால் படிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ள ரத்தத்த யாரையும் நம்பி வுட்டுட்டுப் போவாதக்கா. முடியிற வரைக்கும் நீயே பக்கத்துல இரு."