பெட்டிமேல் உட்கார்ந்த பதினோரு பெண்கள்

என் தங்கை ஒட்டிலியா பர்ராகன் போராடி வாங்கியவை: பறிக்கும் பெண்களுக்கு நிழல் கூடாரம், வயலுக்குத் தண்ணீர் வண்டி, காசியான் துறவியர் சபைப் பள்ளியில் பெண்களுக்கு மாலை வகுப்பு. எதையும் யாரும் இரக்கப்பட்டுக் கொடுக்கவில்லை. சபையின் நூற்றாண்டு மலரிலோ, “சகோதரர்கள் பெருந்தன்மையோடு பெண்களுக்கும் வகுப்பைத் திறந்தனர்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். கூடவே இருந்தவள் நான். அந்த வகுப்பு விஷயத்தில் நடந்ததை எழுதுகிறேன்.

நாப்பாவில் அந்தத் துறவிகளின் திராட்சைத் தோட்டமும் ஒயின் ஆலையும் பள்ளிகளுக்காகவே நடந்தன. ஒவ்வொரு புட்டியும் ஒரு பையனைப் படிக்கவைக்கிறது என்று பிரசங்கத்தில் சொல்வார்கள். பொய்யில்லை. பறிப்பவர்களில் பாதிப்பேர் பெண்கள் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

செவ்வாய் மாலைகளில் வேலையாட்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆண்களுக்கு மட்டும். ஒட்டிலியாவின் கணவன் எலியூத்தேரியோ போய்த் தூங்கிவிட்டு வருவான். நானாவது எங்கள் சொந்த மாநிலமான ஹலிஸ்கோவில் மூன்றாம் வகுப்பு வரை படித்தேன். அவள் பள்ளி வாசலையே மிதித்ததில்லை. தன் பெயரைத் தானே எழுதவேண்டும் என்பது அவள் வெறி. வகுப்புச் சன்னலுக்கு வெளியே நின்று பார்த்தாள். உள்ளேயிருந்த சகோதரர் சன்னலைச் சாத்தினார்.

1961 செப்டம்பரில், நல்ல வெயிலில், பறித்து நிரப்பிய பெட்டிகள்மேல் பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். முப்பது பேர் என்கிறார்கள் சிலர். பதினோரு பேர்தான், என்னையும் சேர்த்து.

மேஸ்திரி பல்தொமேரோ கத்தினான். “எந்திரி புள்ள, லாரி நிக்குது!”

“நிக்கட்டும். கால் வலிச்சா அதுவும் உக்காரட்டும்” என்றாள் ஒட்டிலியா.

“முகாம் வீட்டைக் காலி பண்ண வச்சிடுவேன்டி!”

எலியூத்தேரியோ ஓடி வந்தான். “அடியே, வீடு போயிடும்டி, எந்திரி.”

“வகுப்புல நீ தூங்குற இடத்தை எனக்குக் குடு, எந்திரிக்கிறேன்.”

பெண்கள் சிரித்த சிரிப்பில் அவன் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான்.

ஒயின் தயாரிக்கும் பிரதர் லியாண்டர் அங்கி முழுக்கப் புழுதியோடு வந்தார். பெட்டிகளின் அடியில் சாறு சொட்டியது. குளவிகள் மொய்த்தன.

“ஒட்டிலியாம்மா, பழம் புளிச்சுப் போயிடும்.”

“தெரியும் பிரதர். அதான் உக்காந்திருக்கோம்.”

“ஆம்பளப் பசங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்கணும்னு எங்க சபைச் சட்டம். நான் என்னம்மா பண்றது?”

“பொம்பள பறிச்ச பழத்தைத் தொடக்கூடாதுன்னும் அதுல போட்டிருக்கா?”

அவர் குனிந்து ஒரு பெட்டியை முகர்ந்தார். முகம் சுருங்கியது.

“சரி. செவ்வாய்க்கிழமை வாங்க.”

“யார் சொல்லிக்குடுப்பா?”

“நானே.”

“எல்லார் காதுலயும் விழுற மாதிரி சொல்லுங்க.”

சொன்னார். அதன்பிறகே எழுந்தோம். அதுதான் அவர்களுடைய பெருந்தன்மை.

அறுவடை முடிந்ததும் பல்தொமேரோ உட்கார்ந்த பதினோரு பேரில் இருவரை வேலையிலிருந்து நிறுத்தினான்: திரான்கிலினா, எதுவீஹெஸ். மலரில் அவர்கள் பெயர் இல்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். அவர்களைத் திரும்ப எடுக்கச் சொல்லி சபைத் தலைவருக்கு மனு எழுதினோம். எழுதியது நான். முதல் கையெழுத்து நான்தான் போடுவேன் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள் ஒட்டிலியா. பிப்ரவரியில் இருவரையும் எடுத்துக்கொண்டார்கள்.

மனுவின் அடியில் அவள் தன் பெயரை முதன்முதலாக எழுதிய நாள் 1961 டிசம்பர் 5, செவ்வாய்க்கிழமை.