குண்டு விழுந்த பிறகு ஒரு வரி

கருமத்தம்பட்டியில் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு பழைய நாடகத்தை மறுபடியும் போட்டார்கள். அணுகுண்டு விழுந்த புதிதில், அதன் ஆபத்தைச் சொல்ல எங்கள் தேவாலயப் பங்கு மக்களே எழுதி நடித்தது. இப்போது அதை நடத்தியவள் என் மகள். அதில் தாயாக நடிக்க வேண்டியவருக்குக் காய்ச்சல் வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரே வரிதானம்மா. குண்டு விழுந்து இருட்டானதும் 'கண்ணு, எங்க இருக்கறே?'ன்னு ரெண்டு தடவை கூப்பிடு. பதில் வராது. அதோட முடிஞ்சுது."

"எனக்குக் குரலே வராது, அம்மணி."

"வராட்டி என் நாடகமே போச்சு."

நான் விசைத்தறி ஓட்டுகிறவள். அந்தச் சத்தத்தில் கையாலும் கண்ணாலும்தான் பேசுவோம். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழக்கமில்லை.

கோயிலைச் சுற்றிலும் தறிக்கூடங்கள். குண்டுக்காக வைக்கும் வேட்டுச் சத்தம் கேட்டதும் தறிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்தும்படி அக்கம்பக்கத்தில் மகள் சொல்லி வைத்திருந்தாள். பார்க்க வந்தவர்களிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திடுக்கிட மாட்டார்களாம்.

வேட்டு வெடித்தது. விளக்குகள் அணைந்தன. தறிகள் ஓய்ந்தன.

"கரண்ட் போயிருச்சுங்கோவ்!"

எங்கள் ஊரில் கரண்ட் போனால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். ஓடிப்போய் சுவிட்சுகளை அணைக்காவிட்டால், கரண்ட் வந்ததும் தறிகள் தானாக ஓடி நூல் அறுந்துவிடும். நாற்காலிகள் இழுபட்டன.

"ஏனுங்க மாமா, அணைச்சுப்போட்டு வாரேன், எடம் புடிச்சு வையுங்க!"

"குண்டு கெடக்குதுங்க, மொதல்ல தறியப் பாருங்க!"

விளக்கைப் போட்டால் நாடகம் கெட்டது. போடாவிட்டால் கூட்டம் போய்விடும். மேடையோரத்தில் மகள் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

வீட்டில் கரண்ட் போனால் அவளை எப்படிக் கூப்பிடுவேனோ, அப்படியே கூப்பிட்டேன்.

"கண்ணு, எங்க இருக்கறே?"

நடந்த கால்கள் நின்றன. கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குழந்தை, "இங்க இருக்கறேம்மா" என்றது. வேறொரு மூலையிலிருந்து இன்னொன்று. யாரோ சிரித்தார்கள்.

பதில் வரக்கூடாத இடம் அது. மறுபடியும் கூப்பிட்டேன். தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்திவிட்டார்கள் போலிருக்கிறது. ஒரு பதிலும் இல்லை. சிரிப்பும் இல்லை. யாரும் உட்காரவில்லை, போகவும் இல்லை. தறிகள்கூட ஓடவில்லை.

இப்போது மகள் விளக்கைப் போட வேண்டும். போடவில்லை. மேடையோரத்தில் அவள் மூச்சும் கேட்கவில்லை.

நாடகத்தில் இல்லாத மூன்றாவது தடவையும் கூப்பிட்டேன். இந்தத் தடவை அவள் பெயரைச் சொல்லி.