எண்ணெய்த் தலையோடு போனேன்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பல வருடங்களாகச் செவிடு மாதிரி நடித்தேன்... மருமகள் ரேவதியிடமிருந்து தப்பிக்க.

எழுதத் தெரியாது எனக்கு. நான் சொல்லச் சொல்ல எதிர்வீட்டுப் பெண் எழுதுகிறாள், நடுநடுவே சிரிக்கிறாள். நீங்களும் சிரியுங்கள். ஆனால் கேளுங்கள்.

ஒருநாள் ரேவதி ஏதோ குறை சொன்னாள். கேட்காத மாதிரி இருந்தேன். சுகமாக இருந்தது... விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திப் பாடம் நடத்திவிட்டுச் சேலையூர் வீட்டுக்கு வருகிறவள், எனக்காக மறுபடி கத்துவாள். தொண்டை புண்ணாகி, டாக்டர் சத்தம் போடாதே என்ற பிறகுமா நடித்தேன்? ஆமாம்.

பேத்தி திவ்யா மூளையைப் பற்றிப் படிக்கிறாள். நாலு பேர் கூடிப் பேசும்போது அத்தனை மூளையும் எப்படி வேலை செய்கிறது என்று ஒரே நேரத்தில் அளப்பாளாம். ஒத்திகைக்கு நான், மகன், ரேவதி. ஒயர் வைத்த தொப்பி! தலையில் எண்ணெய் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

எனக்குக் கேட்பதைத் தொப்பி காட்டிக்கொடுத்து என் குட்டு உடைந்துவிடுமே... கை நிறையத் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு தாம்பரத்தில் அவள் படிக்கிற இடத்துக்குப் போனேன்.

கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு கோடு; என் கோடு மட்டும் கிறுக்கிக்கொண்டு ஓடியது. திவ்யாவின் முகம் சுண்டிப்போனது. ரேவதி என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். குழாயடிக்கு அழைத்துப்போய் ஷாம்பு போட்டாள்.

எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில், கம்மிய குரலில் தனக்குத்தானே சொன்னாள்: "நான் பேசறது இவங்களுக்குள்ள கொஞ்சமாச்சும் போகுதான்னு இன்னிக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"போகுது, ரேவதி," என்றேன்.

தலையில் அவள் கை நின்றது.

"கேட்டுச்சா, அத்தை?"

"ம்."

"எப்பலேர்ந்து?"

நுரைக்குள் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்... இன்றுவரை அதற்குப் பதில் சொல்லவில்லை.

பிறகு தொப்பிகளோடு பேசினோம். "அப்பா, தூங்காதீங்க, கோடு படுத்துடுச்சு," என்றாள் திவ்யா. ரேவதி மெல்லப் பேசினாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கோடுகள் என்னமாய் ஓடின! பொய் சொன்னால் தெரியுமா என்று மெல்லக் கேட்டேன்; பொய்யெல்லாம் இதில் தெரியாது பாட்டி என்றாள் திவ்யா. வீணாகத்தான் பயந்திருக்கிறேன்.

இப்போது தினமும் பேசுகிறோம். நேற்று வந்த கீரைக்காரி வழக்கம்போல என்னிடம் கத்தினாள்.

"மெதுவாவே பேசுங்கக்கா, அத்தைக்குக் கேக்கும்," என்றாள் ரேவதி.

குரல் இன்னும் கம்மித்தான் இருக்கிறது அவளுக்கு.